வெறும் சுளுக்குதானே!

குறுவட்டப் போட்டிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. கோ-கோ பயிற்சியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வேகமாகத் திரும்பும்போது வலது பாதம் உள்பக்கமாக மடங்கி விழுந்துவிட்டாள். என் ஆசிரியர் எனக்குச் செய்ததையே நானும் அவளுக்குச் செய்தேன். தேங்காய் எண்ணெய் தடவி, அழுத்தி வழித்துவிட்டு, காலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்து, "எழுந்து நட, சரியாயிடும்" என்றேன். நொண்டிக்கொண்டே மைதானத்தை இரண்டு சுற்று சுற்றினாள். மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டு அவளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தார். மூன்று வாரம் மாவுக்கட்டு.

நானும் போய் மருத்துவரைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்து காட்டினார்.

கணுக்காலில் எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் நார்களை லிகமென்ட் என்கிறோம். உள்பக்கத்து நார் அகலமானது, உறுதியானது. வெளிப்பக்கத்தில் இருப்பவை மூன்று மெல்லிய நார்கள். பாதம் உள்பக்கமாக மடங்கும்போது இவைதான் இழுபட்டுக் கிழிகின்றன. சுளுக்கு என்பது பெரும்பாலும் இதுவே. அங்கே நரம்பு எதுவும் பிசகுவதில்லை, எனவே வழித்து நேராக்கவும் எதுவும் இல்லை. கிழிந்த நாரை அழுத்தித் தேய்த்தால் உள்ளே கசியும் இரத்தமும் வீக்கமும் கூடும், அவ்வளவுதான்.

வளரும் பிள்ளைகளிடம் இன்னொரு சிக்கல் உண்டு. எலும்பின் நுனிக்கு அருகே வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. பெரியவர்களுக்கு நார் கிழியும் அதே விபத்தில், 12, 13 வயதுப் பிள்ளைக்கு இந்தத் தட்டு காயப்படலாம். சில நேரம் அது எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது. எந்த இடத்தில் அழுத்தினால் வலிக்கிறது என்பதை வைத்துத்தான் மருத்துவர் முடிவு செய்கிறார். அந்த மாணவிக்கு நேர்ந்தது இதுதான்.

அப்படியானால் மைதானத்தில் நிற்கும் நாம் எதைப் பார்க்க வேண்டும்? கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட ஒரு விதிமுறை இருக்கிறது. யாருக்கு எக்ஸ்ரே தேவை என்று முடிவு செய்ய மருத்துவர்கள் பயன்படுத்துவது அது. அதிலிருந்து நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பையும் நுனியையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பிறகு, பாதத்தின் வெளிவிளிம்பில் நடுப்பகுதியில் புடைத்திருக்கும் எலும்பையும், உள்பக்கத்தில் பாதவளைவின் மேலுள்ள எலும்பையும் தொட்டுப் பாருங்கள். இவற்றில் எங்காவது எலும்பின் மீதே வலித்தாலும், பிள்ளையால் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும். நடக்க வைத்துப் பார்ப்பது நான்கு அடிதான், என்னைப்போல இரண்டு சுற்று அல்ல. இந்தச் சோதனையில் எதுவும் தெரியாவிட்டாலும் பிள்ளை வலியில் அழுதால் அனுப்பிவிடுங்கள்.

முதலுதவி எளிது. ஆட்டத்தை நிறுத்தி, பிள்ளையை உட்காரவைத்து, புத்தகப் பைகளை அடுக்கி அதன்மேல் காலைத் தூக்கி வைக்கவும். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். பள்ளியில் ஐஸுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். எங்கள் பள்ளி எதிரில் உள்ள பெட்டிக்கடை ஃபிரிட்ஜில் இரண்டு தண்ணீர்ப் பாக்கெட்டுகள் எப்போதும் எங்களுக்காக உறைந்து கிடக்கின்றன. கடைக்காரர் காசு வாங்குவதில்லை. ஐஸ் வலியைத்தான் குறைக்கும், காயத்தை ஆற்றாது. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற முறையை 1978இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, அதிக நேரம் ஐஸ் வைப்பது ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் எழுதினார். கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றவும். விரல்கள் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே தளர்த்தவும். முதல் இரண்டு நாள் எண்ணெய், சுடுநீர் ஒத்தடம் இரண்டுமே வேண்டாம்.

தடுப்பதற்கு வருவோம். ஒருமுறை சுளுக்கிய கணுக்கால்தான் மறுபடி சுளுக்க அதிக வாய்ப்புள்ளது. நாரோடு சேர்ந்து, பாதம் எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் கெட்டுவிடுவதே இதற்கு ஒரு காரணம். அந்த உணர்வைப் பயிற்சியால் மீட்கலாம், செலவே இல்லை. ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்க வேண்டும். அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், அதன்பின் நின்றபடியே நண்பனோடு பந்தை எறிந்து பிடிக்க வேண்டும். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது கெண்டைக்காலை வலுவாக்கும். குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி, ஓசையில்லாமல் இறங்கச் சொல்லுங்கள். 'சத்தம் கேட்கக் கூடாது' என்று சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட ஒரே நாளில் கற்றுக்கொள்கிறது.

காலணி பற்றிப் பலர் கேட்கிறார்கள். எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்றார். நம் பிள்ளைகளும் வெறுங்காலுக்குப் பழகியவர்கள்தான். அண்ணன் போட்டுக் கழித்த, கயிறில்லாத, ஒருபக்கம் தேய்ந்த கேன்வாஸ் ஷூ அதைவிட ஆபத்தானது என்பது என் கருத்து. வெறுங்காலில் ஆடும் மைதானத்தில் ஆணியும் கண்ணாடியும் கிடக்கக் கூடாது. குத்திவிட்டால் கழுவிவிட்டு, தடுப்பூசிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் பிள்ளைகளோடு மைதானத்தைச் சுற்றி வந்து குழிகளை மூடுங்கள். நீளம் தாண்டும் குழியின் மணலைக் கொத்தி விடுங்கள்.

நாம் செய்யும் பெரிய தவறு வேறொன்று. ஜூன் முழுக்க விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிட்டு, போட்டித் தேதி வந்ததும் தினமும் காலை, மாலை ஓட வைக்கிறோம். ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 'குதிகால் வலிக்குது சார்' என்பது பெரும்பாலும் அப்போதுதான். குதிகாலை இருபுறமும் விரல்களால் அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால், வளரும் குதிகால் எலும்பை இறுகிய தசை இழுக்கிறது என்று பொருள் கொள்ளலாம். அது சாக்கு அல்ல. ஓட்டத்தையும் தாண்டலையும் குறைத்தால் தணியும். பாதத்தின் மேற்புறத்தில் ஒரே புள்ளியில் வலி நாளுக்கு நாள் கூடினால் எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம், அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

காயம்பட்டவரை எப்போது திரும்பச் சேர்ப்பது? மருத்துவர் அனுமதித்த பிறகும் நான் மூன்று செயல்களைச் செய்யச் சொல்கிறேன். காயப்பட்ட காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்துவது, அதே காலில் பத்து முறை குதிப்பது, எட்டுப் போட்டு ஓடுவது. மூன்றிலும் வலியோ தயக்கமோ இருக்கக் கூடாது. அந்த மாணவிக்குக் கட்டுப் பிரித்த நான்காவது வாரத்தில்தான் பத்துக் குதி வந்தது. அதற்குள் போட்டி முடிந்திருந்தது. அடுத்த ஆண்டு அணியில் அவள் பெயரை முதலில் எழுதினேன்.