மூடி வைக்கச் சொன்ன மார்க்கம்



இரவில் பாத்திரங்களை மூடி வைக்கும்படியும் விளக்குகளை அணைத்துவிடும்படியும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காண்கிறோம். அல்லாஹ்வின் மீது முழு நம்பிக்கை வைக்கக் கற்றுத் தந்த நபியவர்களே, ஒரு பாத்திரத்தின் மூடியையும் கவனிக்கக் கற்றுத் தந்தார்கள். அந்தக் கவனத்தோடு நம் இல்லங்களைச் சற்றுப் பார்ப்போம்.

குளிர்பானப் பாட்டிலில் நஞ்சு

மண்ணெண்ணெய், ஃபினாயில், ஆசிட் ஆகியவற்றைப் பழைய குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் நம்மிடையே உள்ளது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அந்தப் பாட்டில் மட்டுமே தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. இவற்றை வாங்கிய பாட்டிலிலேயே, உணவுப் பொருட்களை விட்டு விலக்கி, பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

எலிப் பசையும் அவ்வாறே. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையை விழுங்கியவர் ஓரிரு நாட்கள் நலமாக இருப்பதுபோல் தோன்றலாம். பின்னர் கல்லீரல் செயலிழந்துவிடக் கூடும். "நன்றாகத்தானே விளையாடுகிறது" என்று காத்திருக்காதீர்கள்.

மருந்தும் அளவும்

பாட்டனார் தலையணையருகே வைத்திருக்கும் சர்க்கரை நோய் மாத்திரைகளில் சில வகைகள், ஒன்றே ஒன்று விழுங்கப்பட்டாலும் பேரக்குழந்தையின் இரத்தச் சர்க்கரையை உயிருக்கு ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடக் கூடும். மருந்தை "மிட்டாய்" என்று சொல்லி ஊட்டாதீர்கள். குழந்தை அதை நம்பிவிடும்.

காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரு விதமாகக் கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தோ 1 மில்லியிலேயே 100 மி.கி. கொண்டதாக விற்கப்படுகிறது. அதைச் சிரப் என்று எண்ணி 5 மில்லி ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும். அளவு மீறினால் பழுதாவது கல்லீரல். எனவே சமையலறைக் கரண்டியைத் தவிர்த்து, மருந்துடன் வரும் அளவு மூடியையே பயன்படுத்துங்கள்.

"என் பிள்ளைக்குக் கேட்டது" என்று மீந்த மருந்தை அண்டை வீட்டுக்குக் கொடுப்பதும் அன்பினால் நிகழும் தவறு. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவரே விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

நேர்ந்துவிட்டால்

உப்பு நீரோ சோப்பு நீரோ புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெளிவரும் மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் புகும். ஆசிட் உணவுக்குழாயை மறுபடியும் சுடும். உடனே 108-ஐ அழையுங்கள். பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையோடு கொண்டு செல்லுங்கள்.

எதை, எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஏச்சுக்கு அஞ்சித் தாய் மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும் குழந்தையின் உயிரிலிருந்து கழிகிறது. கணவர்களே, மாமியார்களே! அந்த நேரத்தில் ஏசாதீர்கள்.

சகோதரர்களே! "அல்லாஹ்வின் நாட்டம்" என்பது, நம் கடமையைச் செய்து முடித்தவர் ஆறுதலுக்காகச் சொல்லும் சொல். மூடியைத் திறந்து போட்டவர் அதைச் சாக்காக்கலாகாது. குழந்தைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அவர்களைப் பற்றி நாம் விசாரிக்கப்படுவோம்.

இன்றிரவு உறங்கும் முன், பாத்திரங்களோடு மருந்து அலமாரியையும் மூடுவோம். வல்ல நாயன் நம் சந்ததிகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.