கல்லாப்பெட்டியும் கடை ஊழியரின் உயிரும்

நம் சங்க உறுப்பினர்களில் மளிகை, மருந்து, துணி என்று கடை வைத்திருப்போர் பலர். குப்பத்திலும் குடுபல்லியிலும் இரவில் ஷட்டரை இழுத்துப் பூட்டி, அன்றைய வசூலைப் பையில் போட்டுக்கொண்டு தனியாக வண்டியில் கிளம்புகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

2021 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடம் அருகே, டாஸ்மாக் கடையை மூடிவிட்டுப் புறப்பட்ட விற்பனையாளர்கள் இருவர் வெட்டப்பட்டனர். ஒருவர் உயிரிழந்தார். 2003 நவம்பரில் தமிழக அரசின் இந்நிறுவனம் சில்லறை விற்பனையில் இறங்கியதிலிருந்தே, வசூல் பணத்தைக் காப்பது அதன் ஊழியர்களுக்குப் பெரும் கவலையாக இருந்து வந்திருக்கிறது. பணம் ஏறத்தாழ எவ்வளவு, எத்தனை மணிக்கு வெளியே வரும், யார் கையில் வரும் என்ற மூன்றும் வெளியே தெரிந்துவிட்டால் எந்தக் கடைக்கும் இதே ஆபத்துதான்.

இதற்குத் தீர்வு ஊழியரின் துணிச்சல் அல்ல, ஏற்பாடு. நான் பணி செய்த ரயில்வேயில் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. சிறு நிலையங்களின் வசூலைத் தோல் பையில் இட்டு முத்திரை வைத்து, ரயிலின் கார்டு பெட்டியில் உள்ள இரும்புப் பெட்டகத்துக்குள் போடுவார்கள். பை உள்ளே போகும், வெளியே வராது. சாவி கார்டிடமும் இல்லை, நிலைய அதிகாரியிடமும் இல்லை. பணம் போய்ச் சேரும் அலுவலகத்தில் இருக்கும். ஆகவே வழியில் கார்டை மிரட்டிப் பயனில்லை. பணத்தோடு மனிதரையும் காத்த ஏற்பாடு அது.

அமெரிக்காவிலும் இதே பாடம் கிடைத்தது. 1970களின் நடுவில் கலிபோர்னியாவில் செவன் இலெவன் கடைகளில் ஓர் ஆய்வு நடந்தது. கொள்ளையடித்துத் தண்டனை அனுபவித்தவர்களிடமே யோசனை கேட்டார்கள். கல்லாவில் பணத்தைக் குறைத்தார்கள், கண்ணாடியை மறைத்த விளம்பரங்களை அகற்றினார்கள், வெளிச்சத்தைக் கூட்டினார்கள். மாற்றம் செய்த கடைகளில் கொள்ளை சுமார் 30 விழுக்காடு குறைந்தது. பிறகு 1987இல் புளோரிடா மாநிலத்தின் கெயின்ஸ்வில் நகரம், இரவு நேரக் கடைகளில் இரண்டு ஊழியர்கள் இருக்க வேண்டும் என்று விதி செய்தது. அங்கும் கொள்ளைகள் குறைந்தன.

நம் கடைகளில் அதிகச் செலவின்றிச் செய்யக்கூடியவை:

1. கல்லாவில் சில்லறைக்கு வேண்டியதை மட்டும் வையுங்கள். மீதியை அவ்வப்போது துளையுள்ள இரும்புப் பெட்டியில் போடுங்கள். சாவி கடையில் இருக்க வேண்டாம். "பெட்டியைத் திறக்க ஊழியரிடம் சாவி இல்லை" என்று வெளியே தெரியும்படி எழுதி வையுங்கள்.

2. கல்லா தெருவிலிருந்து தெரியட்டும். சாமான் மூட்டைகளையும் தொங்கும் பாக்கெட்டுச் சரங்களையும் வாசலை மறைத்து அடுக்காதீர்கள். ஷட்டருக்கு வெளியே ஒரு விளக்கு எரியட்டும்.

3. பணத்தைப் பகலிலேயே வங்கியில் கட்டுங்கள். நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொண்டே இருங்கள். செல்போன் வழியாகப் பணம் பெறுவதை ஊக்குவித்தால் கல்லாவில் சேரும் ரொக்கம் குறையும்.

4. கடை மூடும்போது இருவர் இருங்கள். பக்கத்துக் கடைக்காரருடன் பேசி வைத்து ஒரே நேரத்தில் மூடுவது நல்லது.

5. கத்தியைக் காட்டினால் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். எதிர்க்கவோ துரத்தவோ கூடாது. அவர்கள் போனபின் கதவை மூடி, 112க்குப் பேசி, கை பட்ட பொருள்களைத் தொடாமல் விட்டு, அடையாளங்களை உடனே எழுதி வைக்க வேண்டும்.

இதில் ஐந்தாவதுதான் கடினம். பறிபோன பணத்தை முதலாளி தன் சம்பளத்தில் பிடிப்பார் என்று பயப்படும் ஊழியர் கத்தியை எதிர்த்து நிற்கிறார். மாதம் சில ஆயிரம் வாங்குகிறவருக்கு ஒரு நாள் வசூல் பல மாதச் சம்பளம் அல்லவா? ஊழியரின் கவனக்குறைவால் பணம் தொலைந்தால்தான் பிடித்தம் செய்யச் சட்டம் இடம் தருகிறது. உயிருக்கு அஞ்சிக் கொடுத்ததை எந்த நியாயத்தில் கவனக்குறைவு என்போம்?

எனவே கடை உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேமராவும் பூட்டும் வாங்குவதற்கு முன், உங்கள் ஊழியரை அழைத்து, தமிழோ தெலுங்கோ அவருக்குப் புரியும் மொழியில், "பணம் போனால் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உன்னைப் பார்த்துக்கொள்" என்று சொல்லுங்கள். அவர் வீட்டாரும் அருகில் இருந்து கேட்டால் இன்னும் நல்லது.