கோப்பை அழிக்கும் உரிமை யாருக்கு?

கணிப்பொறியில் ஒரு கோப்பைப் 'படிக்க மட்டும்' என்று குறித்துவிட்டால், அது அழிவினின்றும் காக்கப்பட்டுவிட்டது என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்து எல்லா இயக்க முறைகளுக்கும் பொருந்துவதன்று.

அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் 1969-ஆம் ஆண்டில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் தொடங்கிய யூனிக்ஸ் முறையில், அடைவு என்பது கோப்புகளின் பெயர்களைப் பதிந்து வைக்கும் ஓர் ஏடாகும். கோப்பை அழித்தல் என்பது அவ்வேட்டிலிருந்து அதன் பெயரை நீக்குவதே. ஆகவே, அடைவினுள் நுழையவும் அதில் எழுதவும் அனுமதி பெற்றவர், பிறருடைய கோப்பையும் அழிக்கலாம். அக்கோப்பில் எழுதும் அனுமதி அவருக்கு வேண்டுவதில்லை. பலரும் எழுதும் பொது அடைவுகளில் இதனால் தீங்கு நேரக்கூடும். அதனைத் தடுக்கவே 'ஸ்டிக்கி பிட்' என்னும் குறி அடைவுக்கு இடப்படுகிறது. இக்குறி இருப்பின், கோப்பின் உரிமையாளர், அடைவின் உரிமையாளர், 'ரூட்' எனப்படும் தலைமைப் பயனர் ஆகியோரே கோப்பை அழிக்க இயலும்.

1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. முறையின் ஏற்பாடு வேறானது. அதன் என்.டி.எஃப்.எஸ். அமைப்பில், கோப்பின் அனுமதிப் பட்டியலில் 'அழித்தல்' என ஓர் உரிமை உண்டு. அடைவின் பட்டியலில் 'உள்ளிருப்பவற்றை அழித்தல்' என மற்றோர் உரிமை உண்டு. இவ்விரண்டில் ஒன்று இருந்தாலே போதுமானது.

யூனிக்ஸுக்கென எழுதப்பட்ட நிரல்களை விண்டோஸில் இயக்குவதற்கு 1995-இல் தொடங்கப்பட்ட சிக்வின் போன்ற மென்பொருள்கள் உதவுகின்றன. இத்தகைய சூழலில் யூனிக்ஸின் விதியை நிலைநாட்ட, அடைவில் எழுதுவோருக்கு 'உள்ளிருப்பவற்றை அழித்தல்' உரிமையை வழங்கி, கோப்புகளின்மீது 'அழித்தல்' உரிமையை எவருக்கும் வழங்காது விடவேண்டும். ஸ்டிக்கி பிட் உள்ள அடைவிலோ, முன்னைய உரிமையை அடைவின் உரிமையாளரோடு நிறுத்தி, ஒவ்வொரு கோப்பின் உரிமையாளருக்கும் அவரவர் கோப்பின்மீது 'அழித்தல்' உரிமையை அளிக்கவேண்டும்.

எனினும் ஒப்புமை முழுமை பெறுவதில்லை. பொது அடைவில் எழுதும் அனுமதி பின்னர் திரும்பப் பெறப்பட்டால், யூனிக்ஸில் கோப்பின் உரிமையாளரும் அதனை அழிக்க இயலாது. விண்டோஸிலோ, கோப்பின்மீது அளித்த உரிமை எஞ்சி நிற்பதால் அவர் அழித்துவிடலாம். மேலும், 'படிக்க மட்டும்' என்னும் விண்டோஸ் குறி வழக்கமான அழிப்பைத் தடுக்கும். நிரல் முதலில் அக்குறியை நீக்கியாக வேண்டும்.

எனவே, ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்புகளை மாற்றும் நிர்வாகிகள் அனுமதிக் குறிகளின் தோற்றத்தை மட்டும் நம்பலாகாது. அடைவு, கோப்பு ஆகிய இரண்டின் பட்டியல்களையும் ஆராய்ந்து, மாதிரிக் கோப்பொன்றை அழித்துச் சோதித்த பின்னரே மதிப்புள்ள ஆவணங்களை அங்கு வைத்தல் நலம்.