பள்ளிக்குப் பின் தோட்டமே பாடசாலை

சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அடுத்துள்ள கரடியூர்ப் பகுதியில் காப்பி முக்கியமான பயிர். சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பியும், அம்மரங்களின் மேல் மிளகுக் கொடியுமாக ஓரிரண்டு ஏக்கரை நம்பி வாழும் குடும்பங்கள் இம்மலையில் பல. இவ்வீடுகளில் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்துவிட்டுத் தோட்ட வேலைக்கு வரும் பிள்ளைகள் உண்டு. "படிப்பு முடிந்தது, இனி வேலைதான்" என்று பெற்றோர் சொல்வார்கள். பிள்ளைகளும் அப்படியே எண்ணிக்கொள்வார்கள்.

இந்த எண்ணத்தால் வரும் நஷ்டம் சிறியதல்ல. காப்பிச் செடி நட்டு மூன்று நான்கு ஆண்டுகள் கழிந்த பிறகே பலன் தரத் தொடங்குகிறது. அவ்வாறு வளர்த்த செடி, காரணம் தெரியாமல் பட்டுப்போனால் அத்தனை ஆண்டு உழைப்பும் வீணாகிறது. காரணத்தைத் தெரிந்துகொள்ளும் விவசாயி மற்ற செடிகளையாவது காப்பாற்றுவார். ஆகவே, தோட்ட வேலை என்பது படிப்பு முடிந்த பிறகு வருவதல்ல. பள்ளியில் தொடங்கிய படிப்பின் அடுத்த வகுப்பு அது.

ஆணியும் கத்தியும்

பள்ளியில் அறிவியல் பாடத்தில் ஒரு சோதனை உண்டு. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டு வைப்பார்கள். சிறிது நேரத்தில் ஆணியின் மேல் செம்பழுப்பு நிறத்தில் செம்பு படியும். மாணவர்கள் இதை எழுதி மதிப்பெண் பெற்று மறந்துவிடுவார்கள். அதே சோதனை காப்பித் தோட்டத்தில் ஆண்டுதோறும் தேவைப்படுகிறது.

காப்பியின் இலைத் துரு நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையில் 200 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோவும் நல்ல சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோவும் சேர்கின்றன. இது அரை சதவீதக் கலவை. பள்ளியில் படித்த சதவீதக் கணக்குதான். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே பிளாஸ்டிக் அல்லது மரப் பாத்திரத்தில் கரைத்து, சுண்ணாம்புப் பாலில் மயில்துத்தக் கரைசலைக் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். பிறகு துருவில்லாத பளபளப்பான கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்பழுப்புப் படிந்திருந்தால் செம்பு மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அதை அப்படியே தெளித்தால் இலை கருகும். படிவது நிற்கும்வரை சுண்ணாம்புப் பாலைச் சேர்க்க வேண்டும். கலவையை அன்றைக்கே தெளித்துவிட வேண்டும்.

இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. துருப் பூஞ்சாணம் இலையின் அடிப்புறத்திலுள்ள இலைத்துளைகளின் வழியாகவே உள்ளே நுழைகிறது. ஆரஞ்சு நிறப் பொடியும் அங்குதான் தோன்றுகிறது. காரணம் தெரிந்தவர் மேலாகத் தெளித்துவிட்டு மருந்தைக் குறை சொல்லமாட்டார்.

வேலையிலேயே கண்டுபிடித்தவை

இந்தப் போர்டோ கலவை தெரியவந்த வரலாறும் ஒரு பாடம். பிரான்சு நாட்டில் போர்டோ பகுதியில், பாதையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிகளில் தெளித்து வந்தார்கள். 1882-ல் அடிச்சாம்பல் நோயால் தோட்டங்கள் உதிர்ந்து நின்றபோது, பாதையோரக் கொடிகள் மட்டும் பசுமையாக இருப்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். ஏன் என்று கேட்டார், சோதனை செய்தார், 1885-ல் முடிவை வெளியிட்டார். திருட்டுக்குப் பயந்து செய்த வேலை உலகம் முழுவதும் பயிர் மருந்தாயிற்று.

இலைத் துரு நோய் 1869-ல் இலங்கையில் தோன்றி, அங்கிருந்த காப்பித் தோட்டங்களைச் சில பத்தாண்டுகளில் அழித்தது. காப்பி போன நிலத்தில்தான் தேயிலை வந்தது. இந்நோய் இந்தியாவிலும் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர்ப் பகுதியில் கென்ட் என்ற தோட்டக்காரர், துருப் பிடித்த செடிகளுக்கிடையே நோயைத் தாங்கி நின்ற செடியைக் கண்டார். அதன் விதையை எடுத்துப் பெருக்கினார். அந்த இனம் அவர் பெயராலேயே வழங்கியது. பின்னர் கர்நாடகத்தின் பாலேஹொன்னூரிலுள்ள காப்பி ஆராய்ச்சி நிலையம் அதைப் பெற்றோரில் ஒன்றாகக் கொண்டு எஸ்.795 என்ற இரகத்தை உருவாக்கியது. 1940-களில் வெளிவந்த இந்த இரகம் இந்திய அராபிகா தோட்டங்களில் மிகப் பரவலாயிற்று. ஒருவர் தம் தோட்டத்தில் நடந்து செல்லும்போது நின்று பார்த்ததால் வந்த பலன் இது.

விறகுக் கட்டில் இருக்கும் பாடம்

அராபிகா காப்பிக்கு மிகப் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். இதன் வண்டு பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடுகிறது. புழு தண்டுக்குள் சென்று ஒன்பது மாதங்கள் வரை குடைந்து தின்கிறது. தண்டில் வரம்பு வரம்பாக மேடு தட்டும், இலை மஞ்சளாகும், செடி வாடும். இளஞ்செடியாக இருந்தால் ஓராண்டிலேயே பட்டுவிடும். வண்டுகள் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வெளிவருகின்றன.

பட்ட செடியைப் பிடுங்கி வீட்டுக்கு விறகாகக் கொண்டுவந்து அடுக்குவது வழக்கம். காய்ந்த கட்டைதானே என்று நினைக்கிறோம். ஆனால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. வண்டாகி வெளியே வந்து மீண்டும் தோட்டத்துக்கே செல்கிறது. இதைச் சொல்லக் கேட்பதைவிடக் கண்ணால் பார்த்தால் மனத்தில் பதியும். மார்ச் மாதத்தில் தாக்கப்பட்ட தண்டு ஒன்றை ஒரு முழ நீளத்தில் வெட்டி, வண்டு கடித்து வெளியேற முடியாத நெருக்கமான கம்பி வலையில் சுற்றிக் கட்டித் தொங்கவிடலாம். வண்டு எந்த வாரத்தில் வெளிவருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, வண்டுகளைக் கொன்று தண்டையும் எரித்துவிட வேண்டும். தம் தோட்டத்துக்குரிய நாள்கணக்கை இவ்வாறு தாமே தெரிந்துகொள்ளலாம்.

இதைத் தெரிந்துகொண்டவருக்கு அடுத்த வேலைகள் தாமாகவே விளங்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களில், வண்டு பறக்குமுன், செடி செடியாகப் பார்த்துத் தாக்கப்பட்டவற்றைப் பிடுங்கி எரிக்க வேண்டும். விறகு தேவையென்றால் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் தண்ணீரில் மூழ்க வைத்து எடுக்கலாம். தண்டிலுள்ள செதில் பட்டையைத் தேங்காய் நாராலோ சாக்காலோ தேய்த்து நீக்க வேண்டும். கத்தியால் சுரண்டிப் பச்சைப் பட்டையைக் காயப்படுத்தக்கூடாது. 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ சுண்ணாம்பு என்ற கணக்கில் ஒட்டும் பசை சேர்த்துத் தண்டிலும் பருத்த கிளைகளிலும் தெளிக்கலாம். வண்டு வெயில்படும் செடிகளையே நாடுவதால் நிழல் மரங்களை அளவுக்கு மீறி வெட்டக்கூடாது.

பள்ளிப் புத்தகத்தில் இல்லாதது

காப்பிக் காய்த் துளைப்பான் இந்தியாவில் முதன்முதலாக 1990-ல் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காணப்பட்டது. பின்னர் மற்ற காப்பிப் பகுதிகளுக்கும் பரவியது. 1990-க்கு முன் பள்ளியை விட்டவர் யாரும், எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும், இதைப் பள்ளியில் கற்றிருக்க முடியாது. தோட்டத்தில்தான் கற்றாக வேண்டும்.

இப்பூச்சி காயின் தொப்புள் பகுதியில் குண்டூசி முனையளவு துளை போடும். இதை முதலில் காணக்கூடியவர்கள் பழம் பறிக்கும் பெண்களே. அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் குடும்பம் நோயை முளையிலேயே அறியும். கடைசிப் பறிப்பில் செடியில் ஒரு பழமும் விடாமல் எடுப்பதும், உதிர்ந்ததைப் பொறுக்குவதும் ஏன் என்று அவர்களுக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்து செய்யும் வேலையில் கவனம் கூடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்று சொல்லிக் கணக்கு எழுதாமல் இருந்துவிடுகிறோம். எது மிஞ்சவில்லை, ஏன் மிஞ்சவில்லை என்று தெரிய வேண்டுமானால் எழுதித்தான் ஆக வேண்டும். பள்ளியில் எழுதி மீந்த நோட்டுப் புத்தகமே போதும்.

முதலில் மழையை எழுதலாம். பக்கங்கள் நேராக உள்ள தகர டப்பா ஒன்றை மரநிழல் படாத இடத்தில் வைத்து, காலையில் அளவுகோலால் நீரின் உயரத்தை அளக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். 25 மில்லிமீட்டர் என்றால் சுமார் ஒரு இலட்சம் லிட்டர். மார்ச், ஏப்ரலில் இந்த அளவுக்குப் பூ மழை பெய்தால் எட்டுப் பத்து நாட்களில் காப்பி பூக்கும். மழை தேதியையும் பூத்த தேதியையும் எழுதி வைத்தால், எட்டு ஒன்பது மாதம் கழித்துப் பறிப்புக்கு ஆள் ஏற்பாடு செய்ய உதவும். பிடுங்கிய செடிகளின் எண்ணிக்கை, இட்ட உரம், கொடுத்த கூலி, பறித்த பழத்தின் எடை, விற்ற விலை ஆகியவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். எழுதப் பழகாத பெரியவர்கள் வீட்டில், பள்ளி செல்லும் பிள்ளைகள் எழுதலாம். பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுத, இருவருக்கும் அது பாடமாகும்.

இருபது செடிகளில் சோதனை

புதிய உரமோ மருந்தோ வந்தால் உடனே தோட்டம் முழுவதும் இடுவதும் தவறு. வேண்டாம் என்று ஒதுக்குவதும் தவறு. ஒரே வயதும் ஒரே நிழலுமுள்ள இருபது செடிகளில் புதிய முறையைச் செய்து, பக்கத்து இருபது செடிகளைப் பழைய முறையிலேயே விட வேண்டும். மற்ற வேலைகள் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பறிக்கும்போது தனித்தனியே எடை போட்டுச் செலவையும் கழித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். ஆராய்ச்சி நிலையங்களில் செய்யும் சோதனைகளுக்கும் அடிப்படை இதுவே. ஓராண்டுப் பலனை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் பார்ப்பது நல்லது.

கேட்டுத் தெரிந்துகொள்ள

தனியாகக் கற்பதைவிடக் கேட்டுக் கற்பது எளிது. 1960-களில் தஞ்சை மாவட்டத்தில் ஏ.டி.டி. 27 என்ற நெல் இரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி வழியே கேட்டறிந்த விவசாயிகள் அதை "ரேடியோ நெல்" என்றே அழைத்தார்கள். விவசாயிகள் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்ற நோக்கத்துடன், நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. சேலம் மாவட்டத்துக்குச் சந்தியூரில் இத்தகைய நிலையம் உள்ளது. ஏற்காட்டிலேயே பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. காப்பி பற்றிய ஐயங்களைக் காப்பி வாரியத்தின் விரிவாக்க அலுவலர்களிடமும் கேட்கலாம். செல்லும்போது வெறுங்கையோடு செல்லாமல் வாடிய கிளையையும் நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு சென்றால் தெளிவான பதில் கிடைக்கும்.

சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தாய் தந்தையருடன் வேலை செய்தே மண்ணையும் மழையையும் கற்றவர்கள். அந்தப் பழக்கத்தோடு பள்ளியில் கற்ற எழுத்தும் கணக்கும் அறிவியலும் சேர்ந்தால் அதன் பலன் பெரிது. வருகிற மார்ச் மாதத்தில் தண்டுத் துளைப்பான் தாக்கிய செடிகளைப் பார்க்கப் போகும்போது, பள்ளி முடித்த பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எத்தனை செடிகள், எந்த வரிசையில், வெயிலிலா நிழலிலா என்று அவர் எழுதட்டும். அடுத்த ஆண்டு அதே வரிசையில் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.