உங்களுக்குத் தெரியுமா?
பண்டார் தெங்காராவில் காது மந்தமான தாத்தாவும் மற்றவர்களும் டிவி2 தமிழ்ச் செய்தியை அவரவருக்கு ஏற்ற சத்தத்தில் ஒன்றாகவே கேட்கலாம்!

ஹெட்ஃபோனைத் துளையில் செருகியதும் பல டிவிகளில் ஸ்பீக்கர் அடங்கிவிடும். அது பழுதில்லை, அமைப்பே அப்படி. சில புதிய டிவிகளில் ஒலி அமைப்பை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கும். அந்த வசதி இல்லையா? பின்புறம் ஆப்டிகல் துளை இருக்கிறதா பாருங்கள். பல டிவிகளில் ஸ்பீக்கர் ஒலிக்கும்போதே அதன் வழியும் ஒலி வரும். ரேடியோ அலையில் இயங்கும் கம்பியில்லா ஹெட்ஃபோனின் அடிப்பெட்டியை அதில் இணைத்தால், தாத்தா தன் சத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கலாம். ஒலி வராவிட்டால் டிஜிட்டல் ஒலி அமைப்பை ‘பிசிஎம்’ என மாற்றுங்கள். டால்பி ஒலியைப் பல அடிப்பெட்டிகள் புரிந்துகொள்வதில்லை. புளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி சற்றுத் தாமதமாக வரலாம்; செய்தி வாசிப்பவரின் உதடு முந்திக்கொள்ளும்.

ஹெட்ஃபோனில் சத்தத்தைக் கூட்டும்போது நினைவிருக்கட்டும், உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு: 80 டெசிபல் சத்தத்தை வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம்.