குருத்தெலும்பைக் கரைப்பது யார்?

முழங்கால் வலி என்றதும் 'வயசாச்சு, தேய்ஞ்சுபோச்சு' என்று சொல்லிவிடுகிறோம். செருப்பின் அடி தேய்வதுபோல மூட்டும் தேய்கிறது என்பது நம் நினைப்பு. அது முழு உண்மை அல்ல. குருத்தெலும்பைக் கரைப்பதில் அதற்குள் வாழும் செல்களுக்கே பெரிய பங்கு உண்டு.

இதைக் காட்டிய சோதனை மிக எளிமையானது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆனர் ஃபெல், எழுபது வயதைக் கடந்த பிறகு, ஜப் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து அதைச் செய்து 1977இல் வெளியிட்டார். பன்றியின் குருத்தெலும்பையும் மூட்டின் உட்சவ்வையும் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். உயிருள்ள குருத்தெலும்பு, சவ்வு தன்னைத் தொடாமல் தள்ளி இருந்தபோதும் சிதைந்தது. செல்கள் கொல்லப்பட்ட குருத்தெலும்போ, சவ்வு ஒட்டியிருந்தால் மட்டுமே சிதைந்தது. அப்படியானால் சவ்விலிருந்து ஏதோ ஒரு தகவல் கசிந்து வருகிறது. அதைக் கேட்டுக் குருத்தெலும்பின் செல்களே தம் இருப்பிடத்தை அழிக்கின்றன. அந்தப் பொருளுக்கு 'கேட்டபோலின்' என்று பெயர் வைக்கப்பட்டது. பின்னர் ஜெரமி சக்லத்வாலா என்ற ஆய்வாளர் அதைப் பிரித்தெடுத்தபோது, அது இன்டர்லூக்கின்-1 என்று தெரிந்தது. செல்கள் தமக்குள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் 'சைட்டோகைன்' என்ற புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது அது.

குருத்தெலும்பில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டுத் திரவத்தின் வழியாகவே சேதி உள்ளே போகிறது. அது செல்லின் ஏற்பியில் ஒட்டியதும், என்எஃப்-கப்பாபி என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, வெட்டும் நொதிகளை உருவாக்கும் மரபணுக்களை இயக்கிவிடுகிறது. ஏடிஏஎம்டிஎஸ் நொதிகள், குருத்தெலும்பில் நீரைப் பிடித்துவைக்கும் அக்ரிகன் என்ற பொருளை முதலில் வெட்டுகின்றன. அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டலாம். அடுத்து எம்எம்பி-13 என்ற நொதி கொலாஜன் இழைகளை அறுக்கிறது. அந்த வலை போனால் போனதுதான். உடல் அதைப் பழையபடி பின்னுவதில்லை. தூண்டப்பட்ட செல்கள் தாமும் சைட்டோகைன்களைச் சுரப்பதால் அழிவு தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

சேதியை மறித்தால்? முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்ற மூட்டு நோயில் பலன் கிடைத்தது. 1992இல் லண்டனில் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் டிஎன்எஃப் என்ற சைட்டோகைனைத் தடுக்கும் மருந்தை 20 நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். அந்த நோயின் சிகிச்சையே அதன்பின் மாறியது. ஆனால் மூட்டுத் தேய்மானத்தில் இத்தகைய மருந்துகள் இதுவரை ஏமாற்றமே தந்திருக்கின்றன. ஒரு நம்பிக்கைக் கீற்று மட்டும் உண்டு. 10,000க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் பெற்றவர்களுக்கு இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை கணிசமாகக் குறைந்திருந்தது. ஆனால் அந்த ஆய்வு மூட்டுக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. அதை நம்பி இன்றே மருந்து கேட்பது அவசரம்.

மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, காலையில் எழுந்ததும் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, வயதின் மேல் பழியைப் போட்டுக் காத்திருக்காதீர்கள். கொலாஜன் அறுபடும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.