புதரைச் சுற்றித் தட்டாதே!

ஜோகூரில் நம் தோட்டப் பள்ளியில் படித்த பையன் ஒருவன், கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போனான். சிராங்கூன் சாலைக்கு அருகே ஒரு கடையில் நேர்முகம். எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறாய் என்று முதலாளி ஆங்கிலத்தில் கேட்டார். பையன் கூச்சத்தால் ஊரைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் ஏதேதோ சொன்னான். அவர் பொறுமையிழந்து, "டோன்ட் பீட் எபௌட் த புஷ்" என்றார்.

'புஷ்' என்றால் புதர் என்று நாம் கற்பித்திருந்தோம். புல்வெட்ட ஆள் தேவைபோலும் என்று எண்ணிய பையன், "புதர் வெட்டுவேன், சார், தோட்டத்தில் வெட்டிப் பழக்கம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வேலை கிடைத்தது, சம்பளம் எவ்வளவு என்று கேட்காமலே திரும்பிவிட்டான். முதல் மாத முடிவில் கைக்கு வந்த தொகையைப் பார்த்துவிட்டு நம்மிடம் வந்து அழுதான். பிழை அவனுடையது மட்டுமா? சொல்லுக்குப் பொருள் சொன்ன நாம், சொற்றொடருக்குப் பொருள் சொல்லித்தரவில்லையே!

அந்நாளில் பறவை வேட்டைக்குப் போகிறவர்கள், புதரைக் கோலால் தட்டிப் பறவைகளைக் கிளப்ப ஆள் வைத்திருப்பார்கள். பறவையைப் பிடிக்காமல் புதரையே சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டிருந்தால் என்ன பயன்? நாம் 'சுற்றி வளைத்துப் பேசாதே' என்கிறோமே, அதுதான் இது. (தேக்கா என்னும் பெயருக்கும் ஹொக்கியன் சீனத்தில் மூங்கிலடி என்று பொருள். ஆகவே பையன் போன வட்டாரத்திலும் ஒரு காலத்தில் புதர் இருந்ததுதான்!)

'புட் யுவர் கார்ட்ஸ் ஆன் த டேபிள்' என்பது இன்னொன்று. ஓர் அலுவலகத்தில் இதைக் கேட்ட பெரியவர் ஒருவர், தம் ஐ.சி.யை எடுத்து மேசைமேல் வைத்தாராம். அவரைக் குறை சொல்ல முடியுமா? இங்கே கார்டு என்பது சீட்டாட்டச் சீட்டு. கையில் மறைத்திருப்பதை விரித்துக் காட்டு, அதாவது உள்ளதை ஒளிக்காமல் சொல் என்பது கருத்து.

'கால் எ ஸ்பேட் எ ஸ்பேட்' என்பதன் வரலாறு சுவையானது. மண்வெட்டியை மண்வெட்டி என்றே சொல் என்று நாம் பெயர்க்கிறோம். உண்மையில் ஸ்பேட் என்பது காலால் மிதித்து மண்ணில் இறக்கும் கருவி; நம் மண்வெட்டி வேறு. நம் மண்வெட்டிதான் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஆங்கிலேயர் வாயில் 'மமோட்டி' ஆயிற்று. அது கிடக்கட்டும். புளூட்டார்க் என்ற கிரேக்க ஆசிரியர் எழுதியதில் மண்வெட்டியே இல்லை. தொட்டியைத் தொட்டி என்று சொல்லும் முரட்டு மாசிடோனியர்களைப் பற்றித்தான் அவர் எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற அறிஞர் இலத்தீனில் பெயர்த்தபோது தொட்டி மண்வெட்டியாக மாறியது. 1542இல் நிக்கலஸ் யூடல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ஆக, ஒளிவுமறைவின்றிப் பேசு என்னும் தொடரே ஒரு மொழிபெயர்ப்புப் பிழையில் பிறந்தது! ஒரு எச்சரிக்கை: அமெரிக்காவில் 'ஸ்பேட்' என்பது கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லாகவும் வழங்கியது. ஆகவே இத்தொடரைப் புரிந்துகொண்டால் போதும்; பேச்சில் தவிர்ப்பதே நல்லது.

'மின்ஸ்' என்றால் கொத்துக்கறிபோல் பொடியாக நறுக்குதல். 'நாட் டு மின்ஸ் வேர்ட்ஸ்' என்றால் பூசி மெழுகாமல் பேசுதல்.

'டு பி ஃபிராங்க்' என்று ஒருவர் தொடங்கினால் பெரும்பாலும் கசப்பான செய்தி வருகிறது என்று அறிக. 'வித் ரெஸ்பெக்ட்' என்று தொடங்கினால், மரியாதைக்குப் பின்னால் மறுப்பு நிற்கிறது. மேலதிகாரியிடம் நாமாகப் போய் "டோன்ட் பீட் எபௌட் த புஷ்" என்று சொல்லக் கூடாது. அது முகத்திலடித்தாற்போல் இருக்கும்.

2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிரதமர் கோ சோக் டோங் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தைத் தொடங்கினார். பிறருக்கு விளங்கும்படி பேசவேண்டும் என்பதே அதன் நோக்கம். அதற்கு இத்தகைய தொடர்கள் வேண்டியதில்லை. எளிய சொற்களே போதும்.

அந்தப் பையனுக்கும் நாம் எளிய வாக்கியம் ஒன்றையே சொல்லிக்கொடுத்தோம்: "வாட் இஸ் த பே, சார்?" இரண்டு நாள் பள்ளித் திண்ணையில் நின்று சொல்லிப் பார்த்தான். அடுத்த நேர்முகத்தில் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டானாம்.